முதல் ஆணி என்னுடையது

தில்லியில் நான் கட்டி எழுப்பியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சரோஜினி நகர் சந்தையில், கோணியை விரித்து உட்கார்ந்து அடுத்தவன் ரஜாய்க்கு, அதாவது பஞ்சுப் போர்வைக்கு, ஊசி போட்டுக்கொண்டிருந்த அதே நடைபாதைக்கு எதிரில் சொந்த மெத்தைக்கடை. சந்தையை ஒட்டிய கிராமத்தில் பஞ்சுக் கிடங்கு. மகள்கள் இரண்டு பேருக்கும் பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படிப்பு. சாணக்யபுரி விருந்தினர் மாளிகைகளில் படுத்து எழுந்த மந்திரிகள் பல பேர் என் மெத்தையில்தான் படுத்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் முதுகுக்குத் தெரியும். இதெல்லாம் போக, ஜப்பானில் மலைக்காரர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த நிஞ்ஜுட்சு என்கிற வித்தைக்கு இந்த ஊரில் ஒரு கூரை. அந்தக் கூரையின் கீழே, விழுந்தால் எலும்பு முறியாத விரிப்பு. பழகுவதற்கு மரக்கத்தி. சுவரில் பெயர்ப்பலகைகள். பலகைகளை மாட்ட ஆணி. அத்தனையும் நான். படித்தது ஐந்தாவது. அதையும் முழுசாக முடிக்கவில்லை.

இப்போது அந்தக் கூடம் தன் வரலாற்றை வழவழப்பான தாளில் புத்தகமாகப் போட்டிருக்கிறது. ஆங்கிலப் புத்தகம். என் பெரிய மகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்தவள், தமிழ் அவளுக்குப் பாதிதான் வரும். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இங்க இருக்கு. உள்ளூர் மெத்தை வியாபாரி ஒருத்தர் தரைவிரிப்பு செஞ்சு குடுத்தார்னு போட்டிருக்காங்க."

"பேரு?"

"நாம் நஹீ ஹை, பா. பேரு இல்ல. அவ்ளோதான்."

அந்த 'ஒருத்தர்' நான்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் யார் பெயரையும் போடப்போவதில்லை. பெயர் தெரியாமல் அல்ல. என் பெயரை அவர்கள் போடுகிறவரை அவர்கள் பெயரை நான் போடுவதாக இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜப்பான்காரர் என் கடைக்கு வந்தார். சாணக்யபுரியில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு கட்டட வேலை மேற்பார்வை பார்த்தவர். குட்டையான ஆள், கணக்குப் பிள்ளை மாதிரி கண்ணாடி. மெத்தை வாங்க வருகிறவர்கள் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், சிலர் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவர் முஷ்டியால் ஒரு குத்து விட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கடை நடுவில் நின்ற நிலையில் பக்கவாட்டாகத் தடாலென்று அதன் மேல் விழுந்தார். பக்கத்துக் கடைப் பஞ்சாபி ஓடிவந்து எட்டிப் பார்த்தான். எழுந்த ஜப்பான்காரர் தலையை ஆட்டினார்.

"ஸக்த் சாஹியே. அவுர் ஸக்த்."

கெட்டியாக வேண்டுமாம். மெத்தைக்காரனிடம் வந்து கெட்டியாக வேண்டும் என்று கேட்ட முதல் ஆள். எங்கள் இரண்டு பேருக்கும் ஹிந்தி அரைகுறைதான். அதனால்தான் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம். ஹிந்தி நன்றாகத் தெரிந்தவர்களோடு எனக்கு அப்படி ஒத்துப்போனதே கிடையாது.

நான் ராஜபாளையம் பக்கத்து ஆள். பஞ்சைத் தொட்டுப் பார்த்தே எந்தக் கரிசலில் விளைந்தது என்று சொல்லுவேன். ஆனால் இவருக்குப் பஞ்சு ஆகாது என்று விளங்கிவிட்டது. தேங்காய் நாரைப் பாளம் பாளமாக வரவழைத்து, நடுவில் சணல் சாக்கு வைத்து, மேலே மில் கழிவுப் பஞ்சை மிதித்து இறுக்கி, கான்வாஸ் உறை போட்டுக் கோணி ஊசியால் நெருக்கித் தைத்தேன். முதலில் செய்தது மேடு பள்ளமாகப் போனது. அடுத்தது அவர் விழுந்ததும் நடுவில் பிளந்தது. அதற்கப்புறம் செய்ததில் விழுந்து, புரண்டு, எழுந்து நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடை இந்தத் தில்லியில் எனக்கு வேறு யாரும் போடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் விரித்துக் கொடுக்கப் போனேன். விரித்து முடித்ததும், "நீ விழு" என்றார். விழுந்தேன். தோள்பட்டை கழன்ற மாதிரி இருந்தது. சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம். என் கையால் செய்த விரிப்பில் எனக்கே விழத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? "இன்னொரு தடவை தள்ளுங்க" என்றேன். தள்ளினார். மறுநாள் விடிந்ததும் நானாகவே போய் நின்றேன். அன்றைக்கு அங்கே வேறு ஆள் கிடையாது. இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் கிடையாது.

வீட்டில் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"கடை தொறக்கிற நேரத்துல போயி புல்லுல உருண்டுட்டு வாரீகளே, கிறுக்கு புடிச்சிருச்சா?"

"உருள்றது இல்ல, அது ஒரு வித்தை."

"என்ன வித்தை? சட்டையெல்லாம் பச்சைக் கறை. அந்த வித்தைக்காரரை வந்து தொவைக்கச் சொல்லுங்க."

என்ன வித்தை என்று அவளிடம் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஜப்பானில் இகா, கோகா என்று மலைக்குள் அடங்கிய இரண்டு பக்கங்கள். பெரிய ராஜா யாருக்கும் அடங்காத விவசாயக் குடும்பங்கள் அங்கே இருந்தன. பகலில் வயல் வேலை. கூலிக்குக் கூப்பிட்டால் வேவு பார்க்கப் போவார்கள், கோட்டைக்குள் நுழைவார்கள், தீ வைப்பார்கள், சேதி கொண்டுவருவார்கள். மகன்களுக்கும் நம்பினவர்களுக்கும் மட்டும் வாயால் சொல்லிக் கொடுப்பார்கள். ஷினோபி என்பது அவர்கள் பெயர். சண்டை போடுவது அதில் கடைசிப் பாடம். சண்டை வந்துவிட்டது என்றாலே வேலையில் பாதி கெட்டுவிட்டது என்று ஜப்பான்காரர் சொல்லுவார். முதல் பாடம் விழுவது. அப்புறம் நடப்பது. காய்ந்த அரச இலையைப் பரப்பி, அதன் மேல் சத்தம் வராமல் நடக்கச் சொல்லுவார். பஞ்சுக் கிடங்கில் வாழ்ந்தவன் கால் எனக்கு, சீக்கிரமே வந்துவிட்டது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடப்பது, மூச்சை அடக்கி உட்காருவது, பிடித்த கையை உதறாமல் விடுவித்துக்கொள்வது எல்லாம் பிறகு வந்தன.

கறுப்புத் துணியில் கண் மட்டும் தெரிய முகமூடி போட்டுக்கொண்டு கூரையில் தாவுவார்கள் என்று இப்போது எல்லாரும் நினைக்கிறார்களே, அது நாடகக்காரன் வேலை. உண்மையான ஷினோபி சாமியார் வேஷத்தில் போவான், வியாபாரி வேஷத்தில் போவான், வித்தைகாட்டி வேஷத்தில் போவான். அப்படி ஏழு வேஷம் உண்டாம். "ஒருவன் எதையாவது தூக்கிக்கொண்டு போனால் தூக்குகிற பொருளைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எனக்குச் சொல்லித்தர ஜப்பானிலிருந்து ஆள் வர வேண்டுமா? மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷமாக இந்த ஊரில் நடக்கிறேன். எந்த காலனி கேட்டிலும் என்னை யார் என்று கேட்டதில்லை.

பழைய கதைகளில் பாதி பொய் என்றும் அவரே சொல்லுவார். தெரிந்தவன் எழுதவில்லை, எழுதினவனுக்குத் தெரியவில்லை என்பார். அதை நான் மறக்கவில்லை.

ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் சரோஜினி நகர் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் தமிழர்கள், என் கடை வழியாகத் தெரிந்து வந்தவர்கள். மத்திய அரசு குமாஸ்தாக்கள் சில பேர், ஒரு செக்ஷன் ஆபீசர். கடைசியாக வந்தவர் கோயம்புத்தூர் பக்கத்து அண்டர் செக்ரட்டரி. மகள் கல்யாணச் சீருக்கு மெத்தை சொல்ல வந்தவர், என் கையில் இருந்த மரக்கத்தியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசல்வரை சைக்கிளில் முன்னால் போனது நான், பின்னால் ஸ்கூட்டரில் வந்தது அவர். புத்தகத்தில் அவர்தான் இந்த வித்தையைத் தலைநகருக்குக் கொண்டுவந்த முன்னோடி.

ஆட்கள் கூடியதும் புல்வெளி போதவில்லை. என் பஞ்சுக் கிடங்கைக் காலி செய்தேன். பஞ்சு மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கினேன், என் மனைவி ஒரு சீசன் முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் சமைத்தாள். கிடங்கை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தவன் அந்தக் கிராமத்து ஜாட். "குஸ்தி அகாடா வைக்கிறதானால் எங்கள் ஆட்களுக்கு வை, மதராசிக்கு எதற்கு அகாடா?" என்று வாசலில் எருமையைக் கட்டிவிட்டான். அவன் மருமகனை உள்ளே கூப்பிட்டு, ஜப்பான்காரர் முன்னால் என்னைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். அடுத்த நிமிஷம் என் விரிப்பில் மல்லாந்து கிடந்தான். மறுநாள் எருமை வேறு இடத்துக்குப் போய்விட்டது. மே மாதப் புழுதிக்காற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது. நானே ஏறிப் போட்டேன். அண்டர் செக்ரட்டரி கீழே நின்று, "பாத்துங்க அண்ணாச்சி, பாத்து" என்றார். புத்தகத்தின்படி கூடம் கட்டியதில் அவருடைய மேற்பார்வையும் இருக்கிறதாம்.

பெயர்ப்பலகை வந்தது அந்தக் கூடத்தில்தான். அது ஜப்பான்காரர்கள் வழக்கம். பழகுகிறவன் ஒவ்வொருவன் பெயரும் சின்ன மரப்பலகையில் எழுதிச் சுவரில் வரிசையாகத் தொங்கும். முதல் ஆணியில் யார், அடுத்து யார் என்பதற்குக் கணக்கு உண்டு. முதலில் வந்து, நின்று, பழகியவன் முதலில். தேவதாரு மரத்தை நானே அறுத்தேன், இழைத்தேன், ஆணியையும் நானே அடித்தேன். ஜப்பான்காரர் தூரிகையால் என் பெயரை அவர் எழுத்தில் எழுதி முதல் ஆணியில் மாட்டினார். என் பெயர் எந்தச் சுவரிலும் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. கடைப் பலகையில்கூடக் குலசாமி பெயர்தான்.

அந்த ஜூன் மாதம் ஒரு பரீட்சை வைத்தார். அவர் வீட்டுச் சமையலறைக்குள் யாரும் தடுக்காமல் போய், அங்கே இருக்கும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

அண்டர் செக்ரட்டரி என் கடைக்கு வந்தார். கறுப்பு சாட்டினில் ஒரு உடுப்பு வேண்டும் என்றார். தலைக்கும் சேர்த்து.

"சார், ஜூன் மாசம். ரஜாய்க்கு உறை போடுற துணி இது. வெந்துருவீங்க."

"அண்ணாச்சி, நீங்க தைச்சுக் குடுங்க போதும். இதுல ஒரு மனோதத்துவம் இருக்குதுங்க. உங்களுக்குச் சொன்னா வெளங்காதுங்க."

தைத்துக் கொடுத்தேன். மத்தியானம், காவலாளி தூங்குவான் என்று கணக்குப் போட்டு, பின்சுவர் நாவல் மரத்தில் ஏறி இருக்கிறார். வெள்ளை வெயில், வெள்ளைச் சுவர், நடுவில் கறுப்பாக ஒரு ஆள். ரோட்டில் போன ஐஸ்காரன்கூட வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறான். கூர்க்கா கம்போடு வந்து நின்றான். முகமூடிக்குள்ளிருந்து இவர் கத்தினார்.

"மைம் அண்டர் செக்ரட்டரி ஹூம்!"

"அச்சா? தோ மைம் ராஷ்ட்ரபதி ஹூம். நீச்சே உதர்!"

இவர் அண்டர் செக்ரட்டரி என்றால் அவன் ஜனாதிபதியாம், கீழே இறங்கு என்றான். இறங்குகிற வழியில் கம்பு இரண்டு இடத்தில் பேசிவிட்டது.

நான் அதே வாரம், அதே வேகாத வெயிலில், தலையில் ஒரு ஒற்றை மெத்தையோடு முன் கேட்டுக்குப் போனேன். கூர்க்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனே கேட்டைத் திறந்துவிட்டு, "ஜல்தி கரோ பையா, தூப் ஹை", சீக்கிரம் ஆகட்டும், வெயில் என்று நிழலுக்கு ஓடினான். சமையல்காரன் மெத்தையை வராந்தாவில் சாத்தச் சொன்னான். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உள்ளே போய் எடுத்துக்கொள் என்றான். குடித்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். "அடடா, பக்கத்து வீட்டு ஆர்டர்யா இது" என்று மெத்தையைத் தூக்கிக்கொண்டு அதே கேட் வழியாக வெளியே வந்தேன். கூர்க்கா சலாம் வைத்தான்.

அன்று மாலை ஜப்பான்காரர் எல்லாரையும் உட்கார வைத்து, "ஏழு வேஷம் என்று சொன்னேன். தில்லியில் எட்டு" என்றார். கறுப்பு சாட்டினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அண்டர் செக்ரட்டரி மறந்திருப்பார். கேட்காததால்தான் மனதில் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அன்றையிலிருந்து என்னைப் பார்த்தால் ஒரு புன்சிரிப்பு, அது உதட்டிலேயே நின்றுவிடும்.

அடுத்த வருஷம் ஜப்பான்காரர் விடுமுறைக்கு ஊருக்குப் போனார். ஒருநாள் காலையில் கூடத்துக்குப் போகிறேன், சுவரில் வரிசை மாறி இருக்கிறது. முதல் ஆணியில் அண்டர் செக்ரட்டரி. அடுத்தது செக்ஷன் ஆபீசர். அப்புறம் அசிஸ்டென்ட், பெரிய குமாஸ்தா, சின்ன குமாஸ்தா. என் பலகை ஓரத்தில், கதவு திறந்தால் இடிக்கிற இடத்தில்.

"இது யார் பார்த்த வேலை?"

"அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் அண்டர் செக்ரட்டரி. "நாலு பெரிய மனுசங்க வந்து போற எடமுங்க. ஒரு மொறை வேணுமுல்லீங்க? ஆபீசுல எப்படியோ அப்படி. நீங்க பிரைவேட். உங்களை எந்த கிரேடுல வைக்கறதுன்னு எனக்கே கொழப்பமாப் போச்சுங்க."

மற்றவர்களைப் பார்த்தேன். நான் விழச் சொல்லிக்கொடுத்த ஆட்கள். அவரவர் பலகை எந்த ஆணியில் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாக்களில் தஞ்சாவூர்க்காரர் மட்டும், "சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு அண்ணாச்சி. வெளியாள் பார்த்தா என்ன நினைப்பான்?" என்றார். அவர் பிரமோஷன் இவர் கையில் இருந்தது. போதாக்குறைக்கு, ஒரே கிரேடில் இருந்த இரண்டு குமாஸ்தாக்கள், யார் வேலை முதலில் நிரந்தரமானது என்று விரிப்பின் மேலேயே நின்று சண்டை போட்டார்கள். மலைக்காரன் ராஜாவுக்குத் தெரியாமல் வளர்த்த வித்தை. அதைக் கொண்டுவந்து சம்பள கிரேடில் மாட்டி வைத்தார்கள். இப்படி ஒரு காரியம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்காரர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தோன்றாது.

நான் பலகையைத் தொடவில்லை. மாட்டியவர் வரட்டும் என்று இருந்தேன்.

ஜப்பான்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார். இது என்ன வரிசை என்று கேட்டார். அண்டர் செக்ரட்டரி அரசாங்கத்தில் யாருக்கு மேல் யார் என்று இங்கிலீஷில் ரொம்ப நேரம் விளக்கினார். ஜப்பான்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூலையில் இருந்த மூங்கில் கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"முதல் பலகைக்காரர்தான் விடியும் முன்னால் வந்து கதவு திறக்க வேண்டும். விரிப்பை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். இதுவரை இவர் செய்தார். இனிமேல் நீங்கள்."

இதில் புது ஏற்பாடு ஒன்றும் இல்லை. முதல் நாளிலிருந்து அதை நான் செய்துகொண்டுதான் இருந்தேன். என் விரிப்பின் கனம் உங்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் புரளும். தட்டினால் நார்த்தூசி மூக்கில் ஏறும். அண்டர் செக்ரட்டரி கம்பைப் பிடித்த விதத்தைப் பார்த்து, எருமைக்காரன் மருமகன் வாசலில் நின்று, "ஸாப், மெத்தை உங்களை அடிக்குதா, நீங்க மெத்தையை அடிக்கிறீங்களா?" என்று கேட்டான். தலையில் நாரோடு ஆபீசுக்குப் போய் இருக்கிறார். அவருடைய பியூன் என் கடைக்கு வந்து, "எங்க சார் வீட்ல தென்னந்தோப்பா?" என்று விசாரித்தான். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் என் பலகை முதல் ஆணிக்கு வந்திருந்தது. யார் மாற்றியது என்று யாரும் கேட்கவில்லை. மூங்கில் கம்பு கதவோரம் சாத்தியிருந்தது. எடுத்தேன், விரிப்பைத் தட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பான்காரர் ஊரோடு திரும்பிப் போய்விட்டார். போகிற அன்று என் கடைக்கு வந்து, முதல் நாள் விழுந்த மாதிரியே ஒரு மெத்தையில் விழுந்து எழுந்து கும்பிட்டார். அதற்கப்புறம் கடுதாசி இல்லை. அவர்கள் அப்படித்தான்.

அவர் போன கொஞ்ச காலத்தில் வீடியோ கடைகளில் முகமூடி நிஞ்சா படங்கள் வந்து குவிந்தன. கறுப்புச் சட்டைக்கு ஆசைப்பட்டுக் கூட்டம் வந்தது. அண்டர் செக்ரட்டரிக்கு அதில் வெளிச்சம் தெரிந்தது. சங்கம் பதிவு செய்தார், தலைவர் ஆனார். கிடங்கு கௌரவமாக இல்லை என்று ஒரு சமூகக் கூடத்தில் இடம் வாங்கினார். "இடந்தானுங்க மாறுது, நீங்க அதே அண்ணாச்சிதானுங்க" என்று என் விரிப்புகளையும் மரக்கத்திகளையும் பெயர்ப்பலகைகளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். பஞ்சு சீசன், நான் கூடப் போகவில்லை. புது இடத்துக்குப் போனபோது, சங்கத்து அடையாள அட்டை இல்லை என்று வாசலில் நிறுத்தினார்கள். விண்ணப்பம் கொடுத்தால் கமிட்டி முடிவு செய்யுமாம். என் விரிப்பில் விழ எனக்குக் கமிட்டி.

புது மண்டபத் திறப்புவிழாவுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று வாசலில் போலீஸ், சட்டையில் ரோஜாப்பூ குத்திக்கொண்ட வாலண்டியர்கள். நான் கடைக்குப் போய் ஒரு மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாலண்டியர், "ஸ்டேஜுக்கா? சீக்கிரம், சீக்கிரம்" என்று வழிவிட்டான். போலீஸ்காரன் லத்தியால் கதவைத் தள்ளிப் பிடித்தான். நடு மண்டபத்தில் மெத்தையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

சுவரில் என் பலகைகள், கண்ணாடிச் சட்டத்துக்குள். முதல் ஆணியில் அண்டர் செக்ரட்டரி பெயர், தங்க மையில். அப்போது அவர் அதைவிடப் பெரிய பதவியில் இருந்தார், அதுவும் சேர்த்து எழுதி இருந்தது. கடைசிவரை பார்த்தேன். கதவு இடிக்கிற இடத்திலும் பார்த்தேன். என் பெயர் இல்லை.

அவர் ஓடி வந்தார். "அடடே, அண்ணாச்சி! உள்ள எப்படி வந்தீங்க?"

"நீங்க சுவரேறியும் நுழைய முடியாத வீட்டுக்குள்ள நான் நுழைஞ்சேனே, அதே மாதிரி. என் பலகை எங்க?"

பக்கத்தில் நின்ற தஞ்சாவூர்க் குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் குரலைத் தணித்தார்.

"அது கரையான் அரிச்சுப் போச்சுங்க அண்ணாச்சி. வருத்தமான விசயந்தானுங்க."

"தேவதாருவைக் கரையான் தொடாது சார். அதுக்குத்தான் அந்த மரத்தை வாங்கினேன். ஒரே கட்டையில அறுத்தது இவ்வளவும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, என்னோடதை மட்டும் தேடிப் பிடிச்சுத் தின்னுச்சா? உங்க கரையான் கிரேடு பார்த்துத் திங்குமோ?"

சுற்றி ஆள் கூடிவிட்டது. அவர் முகத்தில் அந்தப் பழைய உதட்டுச் சிரிப்பு வந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது மறைஞ்சு வேல செய்யறவங்க வித்தைங்க. ஷினோபிக்குப் பேரு எதுக்குங்க? பேரே இல்லாம இருக்கறதுதானுங்க அவனுக்குப் பெருமை. உங்களுக்குத் தெரியாததா?"

இதை அவர் வீட்டில் யோசித்து வைத்திருக்க வேண்டும். சிலர் தலையை ஆட்டினார்கள், பெரிய தத்துவம் கேட்ட மாதிரி.

"சரி சார்," என்றேன். "அப்படின்னா உங்க பேரைத் தங்கத்துல எழுதினது யாரு? ஷினோபி எதிரிக்குத் தெரியாம ஒளிவான். கூட இருக்கிறவன் அவனை ஒளிச்சு வச்சா அதுக்குப் பேரு வித்தை இல்ல, திருட்டு."

அப்போதுதான் அந்தப் பெரிய அதிகாரி உள்ளே வந்தார், பேண்டு அடித்தார்கள், நான்கு வாலண்டியர்கள் என் கையைப் பிடித்தார்கள். எப்படி விடுவித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன்கள் நின்றது வெறும் தரையில், விழுந்தால் அடிபடும். நானே நடந்து வெளியே வந்தேன். மெத்தையை அங்கேயே விட்டுவிட்டேன். அதில்தான் அன்றைக்குச் செயல்விளக்கம் காட்டியிருக்கிறார்கள். புத்தகத்தில் படம் இருக்கிறது. கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவன் பறக்கிறான், அவன் விழப்போகிற இடத்தில் என் மெத்தை. ஓரத்துத் தையலைப் பார்த்தாலே என் கை தெரியும்.

என் மகள் விட்டுவிடச் சொல்கிறாள். "சோடோ நா அப்பா, உங்களுக்குக் கடை இருக்கு, வீடு இருக்கு, அந்தப் பலகையை வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்கிறாள். கடையும் வீடும் எனக்கு யாரும் தரவில்லை, அதனால் யாரும் பறிக்க முடியாது. பலகையை ஒருவர் தந்தார். அதைத்தான் பறித்திருக்கிறார்கள்.

ஆகவே சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். புதுப் பலகை செய்து தருகிறோம் என்று ஆள் அனுப்ப வேண்டாம். பலகை செய்ய எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது ஜப்பான்காரர் தூரிகையால் எழுதிய அந்தப் பழைய பலகை. அது உங்கள் தலைவர் வீட்டுப் பரணில்தான் இருக்கும், தேவதாரு அழியாது. அதை எடுத்துத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி, முதல் ஆணியில் மாட்டுங்கள். அடுத்த பதிப்பில் 'மெத்தை வியாபாரி ஒருவர்' என்ற வரியை அடித்துவிட்டு என் பெயரையும் என் தொழிலையும் போடுங்கள். இந்த ஊரில் இந்த வித்தையில் முதலில் விழுந்தவனும் இவன், விழுவதற்குத் தரை போட்டவனும் இவன் என்று எழுதுங்கள். மறுநாளே வந்து விரிப்பைத் தட்டுகிறேன்.